தோல் ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்துப் போன கதை

எனக்குத் தோல் இறுகிப்போகும் நோய். மாத்திரை தொடங்கி ஆறு மாதம் ஆனதால், அது கேட்கிறதா என்று பார்க்க, கடந்த செவ்வாய்க்கிழமை ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போனோம். இறுக்கம் கூடியிருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, மாதாமாதம் ஆஸ்பத்திரியில் படுத்து மருந்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோறு பிசையக்கூட விரல் மடங்காமல் ஏற்கெனவே சலித்துப்போயிருந்தேன்.

காலை 8.10 பஸ். சுமார் இருபத்தேழு கிலோமீட்டர், ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். முதல் முறை டாக்டரைப் பார்த்த கையோடு ஸ்கேன் எடுத்துவிட்டதால் முன்னேற்பாடு எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஸ்கேன் என்றால் நமக்குத் தெரிந்தது வயிறு முட்டத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்காருவதுதானே. "இன்னொரு மடக்கு குடிச்சுப்போடு புள்ள" என்று மல்லூர் தாண்டும்வரை என் வீட்டுக்காரர் பாட்டிலை நீட்டிக்கொண்டே வந்தார்.

9.20க்குச் சேலம். பத்து மணி என்றவர்கள் கூப்பிட்டபோது 11.25. அதற்குள் என் உயிர் பாதி போயிருந்தது.

ஸ்கேன் எடுக்கும் பெண் முன்னங்கையில் ஜெல் தடவி, கருவியை அழுத்தாமல் வைத்தாள். அது தோலுக்குள் ஒரு சிறு அதிர்வை அனுப்பும். தோல் இறுக இறுக அதிர்வு வேகமாக ஓடும். ஆறு மாதத்துக்கு முன் நொடிக்கு 3.6 மீட்டர். இப்போது திரையில் 4.2. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்க்கா, கைய இப்படி முறுக்கி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"ஒண்ணுக்கு அடக்கிட்டு இருக்கறன் சாமி."

எதற்கு என்று அவளுக்குப் புரியவே சற்று நேரமானது. அது வயிற்று ஸ்கேனுக்குத்தான் என்றும், உடம்பை முறுக்கினால் அளவு தப்பாகிவிடும் என்றும் சொல்லிக் கழிப்பறையைக் காட்டினாள். திரும்பி வந்து பத்து நிமிடம் கையைத் தளர்த்திப் படுத்திருந்தேன். ஐந்து முறை அளந்தாள். சராசரி 3.1. மாத்திரையே போதும் என்றார் டாக்டர்.

போகிறவர்களுக்கு: தண்ணீரும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். கை தளர்வான சட்டை போட்டுக்கொள்ளுங்கள். போன முறை அளந்த இடத்திலேயே அளக்கச் சொல்லுங்கள். அரை நாள் போய்விடும்.

திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்காரர் என் முன்னங்கையைக் கிள்ளிப் பார்த்தார். முன்பெல்லாம் தோல் விரலுக்குள் வராமல் வழுக்கிவிடும். இப்போது கொஞ்சம் வந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க. இன்னொருக்காக் கிள்ளுங்க."