பிரிஜெட் மிஸ்ஸின் பத்தொன்பதாவது விதி

பிரேசர் டவுனில் ஆட்டோவில் போகும்போதும் ஹெல்மெட் போட்டுக்கொள்கிற ஒரே மனுஷி பிரிஜெட் மிஸ்தான். மாதா கோயிலில் வாசலை ஒட்டிய பெஞ்சில்தான் உட்காருவார். பூசை நடுவே கூரை விழுந்தால் முதல் ஆளாக ஓட வேண்டாமா? இருபத்தாறு வருஷமாக இயற்பியல் நடத்தும் அவரிடம்தான் பள்ளிக்கூடத்து டெலஸ்கோப்பும் இருந்தது.

போன தடவை மொட்டைமாடியில் ஒரு மாணவன் அதன் காலில் தடுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். "இன்னொரு ஸ்டூடண்ட்டுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் டெலஸ்கோப் பீரோவுக்குள்ள போயிடும் மிஸ்" என்று தலைமையாசிரியர் பாலகுமார் கறாராகச் சொல்லிவிட்டார். சனியின் வளையத்தை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்காகத்தானே மிஸ் வேலைக்கே வருகிறார்!

உட்கார்ந்து முப்பத்தொரு விதிகள் எழுதினார். கண் கூசாதிருக்க டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்ற வேண்டும். மாடியில் யாரும் தனியாக நிற்கக் கூடாது, ஜோடியாகக் கைகோத்துத்தான் நிற்க வேண்டும். அடிபட்டவரை உதவி வரும்வரை அசைக்கக் கூடாது. எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பித்தவர்களுக்கே மாடிப்படி.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு ஏழு மணி. இருபது பிள்ளைகள் கைகோத்து நின்றார்கள். "ஏழாவது விதி, இருட்டில் பின்பக்கமாக நடக்கக் கூடாது" என்று அவர்களைப் பார்த்து வாசித்தபடியே பின்பக்கமாக நடந்த மிஸ், முதலுதவிப் பெட்டியில் இடறி மல்லாந்தார்.

ஹெல்மெட் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. எழப் போனவரின் தோளை எட்டாம் வகுப்பு வீணா அழுத்திப் பிடித்தாள்.

"அசையக் கூடாது மிஸ். பத்தொம்பதாவது ரூல்."

"எனக்கு ஒண்ணும் இல்லடி, விடு."

"அடிபட்டவங்க அப்படித்தான் சொல்வாங்க, நம்பக் கூடாது. இருபதாவது ரூல். நீங்கதானே மிஸ் எழுதினீங்க?"

விதிப்படி தலைமையாசிரியருக்குப் போன் போனது. தொலைந்தது டெலஸ்கோப் என்று மிஸ் படுத்தபடியே கண்ணீர் விட்டார். பிள்ளைகளோ வரிசை குலையாமல் ஒவ்வொருவராகச் சனியைப் பார்த்து, "ஐயோ, நெஜமாவே வளையம் இருக்கு!" என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

பாலகுமார் மூச்சிரைக்க மேலே வந்தார். தனியாக நிற்கக் கூடாதென்று வீணா அவர் கையைக் கோத்துக்கொண்டாள். அவருடைய போன் வெளிச்சத்துக்கும் சிவப்புத்தாள் சுற்றப்பட்டது.

"எந்த ஸ்டூடண்ட்டுக்கு அடி?"

"ஸ்டூடண்ட்டுக்கெல்லாம் ஒரு கீறல்கூட இல்ல சார். மிஸ் மட்டும்தான். இப்ப உங்க டர்ன்."

அவர் வேண்டா வெறுப்பாகக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு வாயைப் பிளந்தபடி வீணாவின் கையை விட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"சார், பின்னாடி நான் கிடக்கேன்!" என்று மிஸ் கத்தி முடிப்பதற்குள் அவரும் தடுக்கி, பக்கத்திலேயே மல்லாந்தார்.

"சாரும் அசையக் கூடாது" என்றாள் வீணா.

அவர் அசையவில்லை. வானத்தையே பார்த்துக் கிடந்தார்.

"அடுத்த மாசம் என்னைக்கு வெச்சுக்கலாம் மிஸ்?"