மாமாவின் வலது கை

மூளைத்தண்டைப் பற்றி இரண்டு மணி நேரம் பாடம் நடத்த எனக்குப் புத்தகம் வேண்டாம். கட்டைவிரல் பருமனே உள்ள அந்த இடத்திலிருந்துதான் முகத்துக்கும் நாக்குக்கும் தொண்டைக்கும் போகிற நரம்புகள் கிளம்புகின்றன. மூச்சு விடுவதும் விழுங்குவதும் அதன் பொறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு பலகையில் வரைந்துவிடுவேன். மருத்துவக் கல்லூரியில் என் மாணவர்கள் அதை என் திறமை என்று நினைக்கிறார்கள். என் தாய்மாமாவின் வலது கையை நான் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

மாமா மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் பெரியப்பாவின் வெல்லக் கொட்டகையில் பாகுப் பதம் பார்ப்பவர். கொதிக்கிற கொப்பரையில் துடுப்பை விட்டு எடுப்பார். கையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, துடுப்பில் ஒட்டிய பாகை விரலால் வழித்து உருட்டுவார். உருண்டை நின்றால் கொப்பரையை இறக்கலாம். விரலில் சூடு ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும்; தாமதித்தால் தோல் வெந்துவிடும்.

அதைவிடப் பெரிய பெயர் அவருக்கு ஊரை ஏமாற்றுவதில் இருந்தது. ஒருமுறை கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்துவிட்டது என்று படுத்துக்கொண்டார். நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ரோடு வரை ஓடினார்கள். பஸ் நிற்கும் இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்து, "இங்கயே எறக்கிடுங்க, ரிஷிவந்தியம் பஸ்ஸு வர்ற நேரம்" என்றார். தூக்கிய நால்வரில் பெரியப்பாவும் ஒருவர்.

நான் மூன்றாவது படித்தபோது, எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவுக்குத் திடீரென்று தலை சுற்றியது. வாந்தி எடுத்தார். பிறகு விடாத விக்கல், குரலும் கம்மிப்போனது. விக்கலைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் ஜீப் பிடித்துத் தம்பியைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனாள். பின்மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருக்கிறது, மெல்ல மெல்லத்தான் சரியாகும் என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வந்தபோது அவருடைய இடது இமை சற்றுத் தொங்கியது. இடது கன்னத்திலும் வலது கையிலும் சூடு தெரியவில்லை. தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. கொட்டகைக்குப் போனவர் அடுப்பருகே கிடந்த துடுப்பைப் பிடித்து, உள்ளங்கை கொப்பளித்ததைக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுகொண்டார். அப்போதும் பெரியப்பா நம்பவில்லை.

"வாதம்னா ஒரே பக்கமா இழுக்கும் மாப்ள. மூஞ்சி இந்தப் பக்கம், கை அந்தப் பக்கம்னா அது இன்னா நோவு? நடிக்கிறதயாவது ஒழுங்கா நடி."

ஊரும் பெரியப்பா கட்சிதான். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். முகத்தின் சூட்டைச் சொல்லும் ஐந்தாம் நரம்பு, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் தன் பக்கத்திலேயே கீழே இறங்குகிறது. உடம்பின் சூட்டைச் சொல்லும் பாதையோ தண்டுவடத்திலேயே எதிர்ப்பக்கம் தாண்டிவிட்டு மேலே ஏறுகிறது. முகுளத்தில் இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஓர் அடைப்பு வந்தால் இடது முகமும் வலது கையும் சேர்ந்தே போகும். வாழ்க்கையில் முதல்முறையாக மாமா நடிக்கவில்லை. அதைச் சொல்ல அங்கே ஆளில்லை.

சூடு தெரியும்வரை கொப்பரைப் பக்கம் போகக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பொங்கல் வரை பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்றார் பெரியப்பா. மாமாவுக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு அதுதான். இதெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொண்டது. எனக்கு வந்து சேர்ந்தது ஒரு விளையாட்டு மட்டுமே.

"நான் கண்ண மூடிக்கினு இருப்பேன் பாப்பா. ஒரு டம்ளர்ல சுடுதண்ணி, ஒண்ணுல பானத் தண்ணி. எதனா ஒண்ண என் கையில வையி. சூடா, ஜில்லுன்னு இருக்குதான்னு சொல்றேன். அஞ்சு தடவ. ஒண்ணு தப்பானாலும் உனக்குக் கடலை மிட்டாய்."

"அஞ்சும் சரியா சொல்லிட்டா?"

"அப்புறம் ஆட்டமே கிடையாது."

அம்மாவோடு ஆடக் கூடாதா என்று கேட்டேன். "உங்கம்மா எனக்காவ பொய் சொல்லும். வூட்ல பொய் சொல்லத் தெரியாத ஆளு நீ ஒருத்திதான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் ஆடினோம். தினமும் மாமா தோற்றார். எனக்காக வேண்டுமென்றே தோற்கிறார் என்று உறுதியாக நம்பினேன்; ஊரை ஏமாற்றுகிறவருக்கு இது ஒரு பெரிய காரியமா?

போகிக்கு முந்தைய நாள் காலை. முதல் நான்கையும் சரியாகச் சொல்லிவிட்டார். ஐந்தாவதாகச் சுடுதண்ணீர் டம்ளரை வைத்தேன். மாமா விரல்களை மடக்கி டம்ளரை இறுகப் பிடித்தார்.

"சூடு," என்றார். "லேசா... சூடுதான் பாப்பா."

ஒப்புக்கொண்டால் மிட்டாயும் போச்சு, ஆட்டமும் போச்சு. டம்ளரை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இல்ல மாமா. ஜில்லு" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். டம்ளரைக் காட்டு என்று கேட்கவில்லை. எனக்குப் பொய் சொல்லத் தெரியாதே.

"அப்படியா," என்று மட்டும் சொல்லி மிட்டாயை எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே, வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். தை பிறந்ததும் வெள்ளிமலையில் சாமை மூட்டை தைக்கும் வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கையை அதற்குப் பிறகு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவரும்கூட.

இன்று என் மாணவர்கள் நோயாளியின் கையில் சூடும் குளிரும் வைத்துப் பார்க்கும்போது, அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள் என்று அதட்டுகிறேன். ஏன் இவ்வளவு கோபம் என்று அவர்களுக்குப் புரிவதில்லை.

அன்று காலை எனக்கும் ஒன்றும் புரியவில்லை. மாமா வலது கையை மடியில் கிடத்தி இடது கையால் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு விளையாட்டில் தோற்றதற்கு இவ்வளவு பெரிய ஆள் அழுவாரா என்று நினைத்துக்கொண்டு, நான் மிட்டாயைக் கடித்தேன்.