கீழ்வீட்டு டிவியில் என் கணினி

அப்போது கடலோரத்து வைத்திக்குப்பத்தை ஒட்டிய தெருவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். பிரான்சுக்குப் போகிறவர்களின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பது என் தொழில். கீழே வீட்டுக்கார அக்கா தனியாக இருந்தார். அவருடைய வைஃபையைத்தான் நானும் பயன்படுத்தினேன்.

ஒருநாள் காலை மீன் வாங்கி வந்த அக்கா படியில் என்னை நிறுத்தினார்.

"நேத்து டிவில நீ பாடறத கேட்டேன். நல்லா இருந்துச்சும்மா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோயில் பாடற்குழுவில் மற்றவர்களோடு சேர்ந்து பாடுவேனே தவிர, யார் முன்னாலும் தனியாகப் பாடியதில்லை. வீட்டில் பழகும்போது கணினியில் பதிந்து, எங்கே பிசகுகிறது என்று நானே கேட்டுக்கொள்வேன், அவ்வளவுதான்.

அவரோடு உள்ளே போய்ப் பார்த்தேன். வைஃபையில் இருக்கும் கருவிகளை டிவி காட்டும் பட்டியலில் என் கணினியின் பெயர் இருந்தது. திறந்தால் பாட்டுகள். அடுத்து படங்கள்: நான் ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள் வரிசையாக. அதையெல்லாம் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்றார் அக்கா. நம்பினேன். ஆனால் அந்த வைஃபைக்குள் நாளை வேறு யாரும் வரலாம். அவை என்னை நம்பிக் கொடுத்த காகிதங்கள்.

யாரையும் கூப்பிடவில்லை. மேலே போய்க் கணினியின் அமைப்புகளைத் திறந்தேன். இந்த இணைப்பு தனிப்பட்டதா, பொதுவா என்று முதல் நாள் கணினி கேட்டிருந்தது. வீடுதானே என்று தனிப்பட்டது என்றிருந்தேன். அப்படிச் சொன்னால், அதே வைஃபையில் இருக்கும் எல்லாரையும் வீட்டு மனிதர்களாக அது எடுத்துக்கொள்கிறது. பொது என்று மாற்றினால்தான் மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைகிறது. மாற்றினேன். பாட்டு, படங்களைப் பகிர்வதையும் நிறுத்தினேன். கீழே வந்து டிவியை அணைத்துப் போட்டேன். பட்டியலில் என் கணினி இல்லை.

அக்கா திரையைக் காட்டிக் கேட்டார்.

"பாட்டும் போயிடுச்சா?"

பாட்டை மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருக்கலாம்தான். எனக்கு மனம் வரவில்லை. என் பாட்டை யார் கேட்கலாம் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

"கேக்கணும்னா மேல வாங்கக்கா. நேர்லயே பாடறேன்" என்றேன். யோசிக்காமல் வந்த பேச்சுதான். ஆனால் சொன்ன பிறகு அதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தட்டு நெத்திலி வறுவலோடு வந்தார். கடல்காற்றுக்காகத் திறந்த சன்னலை மூடாமலே பாடினேன். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் தட்டை அவரே காலி செய்திருந்தார்.