வசந்தத்துக்குத் தள்ளிப்போட்ட கல்யாணம்

பிரான்சின் க்ரூஸ் மாவட்டத்தில் வீடு வாங்கிக் குடியேறும் ஆங்கிலேயர்கள் எப்படியும் ஒரு வியாழக்கிழமைச் சந்தையில் லோர்னா ஹெப்வொர்த்திடம் வந்து சேர்ந்துவிடுவார்கள். நம்பகமான எலெக்ட்ரீசியன் யார், மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு எங்கே எழுதுவது, கழிவுநீர்த் தொட்டியைச் சோதிக்க வருகிறவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அதையெல்லாம் சொல்வதற்கு முன்னால் அவள் ஒன்று கேட்பாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சா?"

ஆங்கிலேயரிடம் முதல் சந்திப்பில் இப்படிக் கேட்பது, அவர்கள் சட்டைப்பையில் கைவிட்டுப் பார்ப்பது மாதிரி. சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் அடுத்த வாரம் அவளைக் கண்டதும் பாலாடைக்கட்டிக் கடைக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார்கள்.

அவளைப் பழைய நாளிலிருந்து அறிந்தவர்களால் இதை நம்பவே முடியாது. ஸ்டாக்போர்ட் பஸ் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காலத்தில், தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்டவள் அவள். கட்டிய கணவன் இன்னொருத்தியோடு போனபோது, அவன் சட்டைகளை இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்து அனுப்பினாள். யாருக்கும் சங்கடம் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் அவள் மதம், அவள் குலதெய்வம் எல்லாம்.

அவன் போய்க் காலியான அந்த வீட்டுச் சமையலறைக்கு அலமாரி மாட்ட வந்தவன்தான் கோலின். இரண்டு நாள் வேலையை மூன்று வாரத்துக்கு இழுத்தான். கடைசி நாளன்று கருவிப்பெட்டியை மூடிவிட்டு, "இங்கே டீ நல்லா இருக்கு. வேற எங்கயும் போக மனசில்லை" என்றான். போகவும் இல்லை.

சில வருடம் கழித்து இருவரும் இருந்ததை விற்றுவிட்டு, க்ரூஸின் வில்மோரெல் என்ற சிற்றூரில் பாதிக் கூரை விழுந்த கல்வீடு ஒன்றை வாங்கினார்கள். லோர்னாவின் விவாகரத்து அப்போது முடிந்திருக்கவில்லை. அதனால் பத்திரம் கோலின் பெயரில் மட்டும் பதிவானது. "உன் பேரை அப்புறம் சேர்த்துக்கலாம் கண்ணு" என்றான் கோலின். லோர்னா சரி என்றாள். வீட்டைப் பற்றிப் பேசினால் வீட்டுக்கு ஆசைப்படுகிறவள் போலத் தோன்றுமே.

கூரை போட்டார்கள். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசினார்கள். அவள் பின்புறச் சரிவில் உருளைக்கிழங்கும் வெங்காயத்தாள் மாதிரியான லீக்கும் போட்டாள். ஊரார் அவளைக் கோலினின் மனைவி என்றே கூப்பிட்டார்கள், அவர்களும் மறுக்கவில்லை. இத்தனை வருடம் ஒன்றாகக் குடும்பம் நடத்தினால் சட்டத்தின் கண்ணில் அதுவும் கல்யாணம்தான் என்று இங்கிலாந்தில் பாதிப் பேர் நம்புவதை அவர்களும் நம்பினார்கள். இங்கிலாந்திலேயே அப்படியொரு சட்டம் கிடையாது. பிரான்சில் கேட்கவே வேண்டாம்.

அதை முதலில் உடைத்துச் சொன்னவள் ஊராட்சி அலுவலகத்தின் செயலர் ஒடீல் வெர்ஞோ. செவ்வாயும் வெள்ளியும் காலையில் மட்டும் திறக்கும் அலுவலகம் அது. குப்பைத் தொட்டிக்குப் பெயர் பதிய வந்த இருவரையும் உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"மேடம் லோர்னா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கே ஐயாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்த வீட்டுல நீங்க வெறும் விருந்தாளி. வீடு அவரோட முதல் தாரத்து மகனுக்குப் போகும்."

"உயில் எழுதிட்டா?" என்றான் கோலின்.

"எழுதுங்க. உறவில்லாதவங்களுக்குப் போற சொத்துல பாதிக்கு மேல வரியாப் போயிடும். அப்புறம் அவங்க சமையலறையை மட்டும் வச்சுக்கலாம். பேசாம கல்யாணம் பண்ணிக்கோங்க. எங்க மேயர் இலவசமாப் பண்ணி வைப்பார், கூடவே பேச்சு வேற பேசுவார். அதுதான் கொஞ்சம் கஷ்டம்."

கோலின் விழுந்து விழுந்து சிரித்தான். அங்கேயே, குப்பைத்தொட்டிக் காகிதங்களுக்கு நடுவே, லோர்னாவின் பக்கம் திரும்பி, "என்ன, கட்டிக்கிறியா?" என்று கேட்டான். அவள் காது சிவந்துவிட்டது. "யோசிச்சுச் சொல்றேன் கிழவா" என்றாள்.

ஆனால் பிரான்சில் கல்யாணம் பண்ணிக்கொள்ள நினைப்பது வேறு, காகிதம் சேர்ப்பது வேறு. முதல் தடவை கோலின் தன் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய் மேசையில் வைத்தபோது ஒடீல் அதைத் தொடக்கூட இல்லை.

"இது ரொம்பப் பழசு ஐயா. ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்."

"நான் பிறந்ததே பழசுதானே அம்மா! ஆறு மாசத்துல நான் வேற எங்கயாவது பிறந்துட்டேனா?"

"எங்க நாட்டுல அந்தப் பதிவேட்டோட ஓரத்துலதான் கல்யாணம், விவாகரத்து, சாவு எல்லாம் எழுதுவோம். புதுசாப் பார்த்தாத்தான் நீங்க இன்னும் தனியாளான்னு தெரியும்."

"எங்க நாட்டுல ஓரத்துல ஒண்ணும் எழுத மாட்டாங்க. பிறந்தா பிறந்தது, அதோட விட்டுடுவாங்க."

"அப்போ ஒண்ணும் எழுதாத புதுக் காகிதமாக் கொண்டு வாங்க" என்றாள் ஒடீல், சிரிக்காமல்.

புதிது வரவழைத்தார்கள். அதை நீதிமன்றம் ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பாளர்தான் மொழிபெயர்க்க வேண்டும். லிமோஜ் நகரில் இருந்த அந்த அம்மாள் ஆகஸ்ட் முழுக்க விடுமுறை. திருமணமாகாதவர் என்பதற்கு ஒரு சான்று, இங்கிலாந்துச் சட்டப்படி தடையில்லை என்பதற்கு ஒரு சான்று, அவனுடைய பழைய விவாகரத்துத் தீர்ப்பு, அவளுடையது. கடைசிக் காகிதம் வந்து சேரும்போது முதல் காகிதத்துக்கு ஆயுள் முடிந்திருக்கும். மறு தடவை அவனுக்கு முழங்காலில் அறுவைசிகிச்சை. அதற்கடுத்த தடவை புயலில் கூரையின் மேற்குப் பக்கம் போனது, கையில் இருந்த நேரமெல்லாம் அதிலேயே போனது. மதிய நேரத்தில் சூப் குடித்துக்கொண்டே, "இந்த வாரம் நான் பிறந்திருக்கேனா, காலாவதி ஆயிட்டேனா?" என்று கேட்பான் கோலின். அவளும் சிரிப்பாள். கேலி வந்துவிட்டால் அவசரம் போய்விடும். ஒடீல் மட்டும் பார்க்கும்போதெல்லாம் விரலை ஆட்டுவாள். "விருந்தாளி, மேடம், விருந்தாளி."

பிறகு ஒரு இலையுதிர்காலத்தில் கோலினின் இதயம் சோர்ந்து போனது. மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். மாடியேற முடியாததால் கட்டிலைக் கீழே சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள் லோர்னா. மரீஸ் என்ற தாதி தினமும் காலையில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவாள். மருத்துவர் லோர்னாவை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டு, குளிர்காலத்தைத் தாண்டுவது சந்தேகம் என்றார். "அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம். அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்" என்றாள் அவள்.

விதியின் கூத்தைப் பாருங்கள், அந்த மாதம்தான் எல்லாக் காகிதங்களும் ஒன்றாகக் கையில் இருந்தன. லோர்னா வெள்ளிக்கிழமை அவற்றை உறையில் போட்டு ஒடீலிடம் கொண்டுபோனாள். ஒடீல் ஒவ்வொன்றாகப் புரட்டி, தேதி பார்த்து, நிமிர்ந்தாள்.

"அதிசயம்! எல்லாம் ஒரே நேரத்துல உயிரோட இருக்கு. எப்போ வச்சுக்கலாம்?"

"அவரால படியேற முடியாது ஒடீல்."

ஒடீலுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து லோர்னாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவர் ஏன் ஏறணும்? மேயர் உங்க வீட்டுக்கு வருவார். டாக்டர்கிட்ட ஒரு வரி வாங்கிட்டு வாங்க, உயிருக்கு ஆபத்துன்னு. அரசு வக்கீலுக்கு நான் போன் பண்றேன், அறிவிப்பு ஒட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக்கே முடிச்சிடலாம். வாசக்கதவைத் திறந்து வைக்கணும், யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம்ங்கற மாதிரி. அவ்வளவுதான் சட்டம். மேயர் மாட்டைக் கறந்துட்டு நேரா வருவார். காலுல பூட்ஸ், தோள்ல மேயரோட மூவண்ணப் பட்டை. கால் மணி நேரம்."

லோர்னா மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேயர் வீட்டுக்கு வந்தா அவருக்குத் தெரிஞ்சு போயிடுமே."

"என்ன தெரியும்?"

"தான் பிழைக்கப் போறதில்லைன்னு."

"மேடம் லோர்னா, அவர் குழந்தையா?"

"அப்புறம் அவர் மகன் டங்கன். அப்பா கண்ணை மூடற நேரத்துல வீட்டுக்காகக் கட்டிக்கிட்டான்னு அந்தப் பையன் நினைப்பான். இல்ல ஒடீல், அது நல்லா இருக்காது. அவர்கிட்ட மெதுவாப் பேசிட்டு வரேன்."

ஒடீல் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்னிக்கே பேசுங்க."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் லோர்னா வாக்கியத்தைத் தயார்செய்தாள். உள்ளே வந்து கோட்டைக் கழற்றி, கெண்டியை அடுப்பில் வைத்தாள். கோலின் தலையணையில் சாய்ந்து ஜன்னல் வழியே வாதுமை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்றா அந்த ராணி?"

"காகிதமெல்லாம் சரியா இருக்காம்."

"ஓகோ."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கோப்பைகளைத் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்திருந்த கோப்பைகளை.

"அப்போ எப்ப வச்சுக்கலாங்கறா?"

"நம்ம இஷ்டமாம். அவசரமில்லையே..."

"அவசரமில்ல" என்றான் கோலின். "வசந்தம் வரட்டும். மரத்தடியில மேசை போட்டு, ஊரையே கூப்பிடுவோம். நான் அந்த நீலக் கோட்டைப் போட்டுக்கறேன்."

"உனக்கு அது தொளதொளன்னு இருக்கும் இப்ப."

"சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கறேன். நீ டீயைக் குடு."

அவள் கொடுத்தாள். தயார்செய்த வாக்கியத்தை மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் அவன் கொஞ்சம் நன்றாக இருந்தான், அவன் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. அடுத்த நாள் மோசமாக இருந்தான், அன்றைக்கு எப்படிப் பேசுவது. இப்படியே போய், டிசம்பரில் ஒரு காலை மரீஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த பிறகு மரீஸ் தன் சாமான்களை எடுத்துப்போக வந்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? மேயரைக் கூப்பிட உங்களுக்கு ஏன் இஷ்டமில்லாம போச்சு?"

"நான் எங்கே அப்படிச் சொன்னேன்? உனக்கு யார் சொன்னா?"

"ஐயாதான். மேயர் வீட்டுக்கு வந்து பண்ணி வைப்பாராமேன்னு என்கிட்ட விசாரிச்சார். வருவார், நானே போய்ச் சொல்றேன்னேன். வேண்டாம்னுட்டார். 'அவளே அதைப் பத்திப் பேசலை. சாகப்போறவனைக் கட்டிக்க அவளுக்கு இஷ்டமில்லை போல. நான் கேட்டா மறுக்கத் தெரியாம சரின்னு சொல்லிடுவா. எதுக்கு அவளைச் சங்கடப்படுத்தணும்'னார்."

லோர்னா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட மொத நாளே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரே மேடம். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்."

மரீஸ் போன பிறகு அவள் அடுப்பை மூட்டவில்லை. கட்டிலின் விளிம்பில் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். வசந்தம் வரட்டும் என்று அவன் சொன்னபோது தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்வாளா என்று பார்த்திருக்கிறான். அவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் டங்கன் பிரிஸ்டலிலிருந்து வந்தான். நாற்பதைத் தாண்டிய, தலை வழுக்கையான, அப்பாவின் கைகளைக் கொண்ட மனிதன். சொத்துப் பத்திரம் எழுதும் நோட்டரி அலுவலகத்தில் கையெழுத்துகளைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, உள்ளே நுழைய அனுமதி கேட்டான். தன் வீட்டுக்குள் நுழைய. ஷூவை வாசலிலேயே கழற்றினான்.

"அவசரமே இல்ல லோர்னா. உங்களுக்கு எப்ப சௌகரியமோ அப்ப..." என்று இழுத்தான்.

எப்போது என்று அவன் சொல்லமாட்டான், அவளும் கேட்கமாட்டாள். இப்படியே மரியாதையாக இருவரும் ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"டங்கன், நான் இந்த வீட்டுலயே இருக்கணும். சாகற வரைக்கும். நீ சரின்னா நோட்டரி அதுக்கு எழுதிக் கொடுப்பாராம். நான் கேக்கறேன்."

வாழ்க்கையில் இவ்வளவு நேராக அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. டங்கனின் முகம் கழுத்து வரை சிவந்தது. அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான், பிறகு தன் காலுறைகளைப் பார்த்தான்.

"என்னால முடியாது லோர்னா. ஹெலனும் நானும் விவாகரத்து ஆகிப் பிரிஞ்சிட்டோம். எனக்கும் தங்க ஒரு இடம் வேணும், இதை வித்தாத்தான் முடியும். முன்னாடியே சொல்லியிருக்கணும், எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. கோடை முடியற வரைக்கும் இருங்க. மன்னிச்சுக்கோங்க."

கேட்டதால் வானம் இடிந்து விழவில்லை. அவன் அவளைப் பேராசைக்காரி என்று பார்க்கவும் இல்லை. கேட்டாள், இல்லை என்றான், அடுப்பில் விறகு எரிந்துகொண்டுதான் இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"பரவாயில்லை" என்று வாய் தானாகச் சொன்னது. உடனே தலையை ஆட்டினாள். "இல்ல டங்கன், பரவாயில்லாம இல்ல. எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. உங்கப்பாகிட்டயும் நான் இதைச் சொல்லியிருக்கணும்."

டங்கன் எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.