திரைக்குப் பின்னால் க்ரீம் பிஸ்கட்

எங்கள் தெருப் பல் டாக்டருக்கு இனிப்பு என்று யாராவது சொன்னாலே மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் மாலை டீ வந்துவிட்டால், பல்லில் அடைத்தது காயட்டும் என்று நோயாளியை உட்காரவைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் போய் க்ரீம் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிடுவார்.

ஒருநாள் பிஸ்கட் முறிந்து டீக்குள் விழுந்தது.

"ஐயையோ, உடைஞ்சு போச்சே!" என்று கத்திவிட்டார்.

நாற்காலியில் இருந்த தையல்கார அம்மா பதறினார். "என் பல்லா டாக்டர்?"

"இல்லம்மா, அது வேற" என்று ஓடிவந்தவரின் மீசையில் க்ரீம் ஒட்டியிருந்தது.

அந்த அம்மா அதையே உற்றுப் பார்த்தார். "இத்தன வருஷமா என் வாயக் கட்டிப் போட்டீங்களே! மரியாதையா எனக்கும் ஒண்ணு குடுங்க."

"மெதுவாப் பேசுங்க, வெளியில என் சம்சாரம் உக்காந்திருக்கா."

"அப்படியா? அப்போ ரெண்டாக் குடுங்க" என்றார் அவர், இன்னும் சத்தமாக.