வெள்ளறடையில் பார்த்த கார்

இருபத்திரண்டு வருடமாக நெய்யாற்றின்கரையில் ஓர் ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை எனக்கு. ஆளைப் பார்க்காமலே, ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து அவர் உடம்பில் நடப்பதைச் சொல்லிவிடுவேன். அதில் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கர்வம் சுத்தமாக இறங்கிப் போனது.

நாற்பத்தாறு வயதில் கார் லைசென்ஸ் எடுத்திருந்தேன். காலை ஆறு மணி ஷிப்டுக்குக் குன்னத்துகாலிலிருந்து மழையில் ஸ்கூட்டரில் போய் வந்து முதுகுவலிதான் மிச்சம். புதுக் கார் வாங்க வசதியில்லை. வீட்டுக்காரர் வெளிநாட்டில். வெள்ளறடையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கார் விற்கிறார், வண்டி அடிபடாதது, அவர் கணவர் ஒரே ஆள் ஓட்டியது என்று ஆய்வகத்துக்கு வருகிற ஒருவர் சொன்னார். எனக்குக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நிறம் மட்டும்தான்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். பாறசாலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். அவளைத் துணைக்குக் கூப்பிட்டேன். உடனே சம்மதித்தாள். ஆனால் நிபந்தனை போட்டாள்.

"மழை பெய்தா நான் வரமாட்டேன் அக்கா. நனஞ்சு நிக்கப்ப எல்லா வண்டியும் புது வண்டியாக்கும். பின்ன, நாம போவதுக்கு முன்ன ஸ்டார்ட் பண்ணிப் போடாண்டாம்னு அந்த டீச்சருகிட்ட சொல்லணும்."

"ஏன் மக்கா?"

"சூடான எஞ்சின் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். குளிந்து கிடக்கப்பதான் உள்ளத சொல்லும்."

அன்று நல்ல வெயில். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் டீச்சரின் வீடு. எங்களுக்காக முன்பே மரவள்ளிக் கப்பையும் மீன் குழம்பும் செய்து வைத்திருந்தார். அறுபத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, கணக்கு டீச்சருக்கே உரிய நேரான பேச்சு. கணவர் போன வருடம் இறந்துவிட்டார். "எனக்கு ஓட்டத் தெரியாது. ஷெட்டுல கிடந்தா எலி வயரைக் கடிக்கும். நல்ல கையில போய்ச் சேரட்டும்" என்றார்.

இவள் முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது; தலையை ஆட்டினாள். பிறகு வண்டியை ஷெட்டிலிருந்து வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள். மூவரும் தள்ளினோம். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். "பாலாடை மாதிரி வெள்ளையா இருந்தா எண்ணெயில தண்ணி கலந்திருக்கு. இது சுத்தம்" என்றாள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, யாரும் இழுக்காத அந்த நுனியை முகர்ந்து பார்த்தாள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எத்தனை கழுவினாலும் அந்த நுனியில் சேறு கோடு போட்டிருக்குமாம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்று தடவினாள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பரை வண்டியின் உடம்பில் பொறித்த நம்பரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. நான் மனதுக்குள் வண்டியை வாங்கிவிட்டேன்.

அப்போதுதான் அவள் வலது முன்சக்கரத்தின் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தகரத்தின் மேல் விழுந்த தென்னை ஓலையின் நிழல் எங்காவது நெளிகிறதா என்று சாய்வாகப் பார்த்தாள். பிறகு இரண்டு கண்ணையும் மூடி, விரல் நுனியால் முன்னிருந்து பின்னாக மெல்லத் தடவினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. திரும்பிப் போனது. அதே இடத்தில் மறுபடியும் நின்றது.

"டீச்சரே, இந்தப் பக்கம் அடிச்சிருக்கு" என்றாள்.

டீச்சரின் முகம் சிவந்தது. "அடிக்கவா? ஒரு கீறல்கூட இல்ல. வாங்கின நாள் முதல் அவரு மட்டுமாக்கும் ஓட்டினது. நான் பொய் பறயமாட்டேன்."

"நீங்க பொய் பறஞ்சதா நான் சொல்லல்ல, டீச்சரே. வண்டி சொல்லுது."

நானும் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். டீச்சரும் தடவினார். வழவழவென்று ஒரே சீராக இருந்தது. எங்கள் இருவர் விரலுக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. அவள் துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து இடது பக்கத்தில் வைத்தாள். அது ஒட்டிக்கொண்டது. வலது பக்கத்தில் அவள் விரல் நின்ற இடத்தில் வைத்தாள். வழுக்கி அவள் கையிலேயே விழுந்தது. அங்கே தகரத்தின் பள்ளத்தை நிரப்பப் புட்டிப் பசை கனமாகப் பூசியிருக்கிறதாம். பானெட்டைத் திறந்து, கம்பெனியில் வைத்த வெல்டிங் புள்ளிகள் இடது பக்கம் ஒரே இடைவெளியில் வரிசையாக ஓடுவதையும், வலது பக்கம் மூன்று புள்ளிகள் மட்டும் முன்பின்னாக இருப்பதையும் காட்டினாள். இரண்டு ஹெட்லைட்டுகளிலும் பொறித்திருந்த வருடத்தைப் படிக்கச் சொன்னாள். வலது பக்கத்தது ஐந்து வருடம் இளையது.

நான் ரத்தம் பார்க்க எத்தனை இயந்திரம், எத்தனை மருந்து வேண்டும்! இவளுக்கு வெயிலும் விரலும் போதுமாக இருந்தன.

இவள் போன் டார்ச்சை அடித்து ஹெட்லைட்டின் பின்னால் குனிந்து பார்த்தாள். "இங்க எழுதியிருக்கு" என்றாள். தகரத்தின் உட்பக்கம் மஞ்சள் மெழுகுக்கட்டியால் இரண்டே சொல், தமிழில்: 'சாறு. வியாழன்.' எங்கள் பக்கம் சாறு என்றால் சார். வண்டி யாருடையது, எந்தக் கிழமை கொடுக்க வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதி வைக்கிற குறிப்பு. கேரளத்துப் பாறசாலையில் என்றால் மலையாளத்தில் எழுதியிருப்பார்கள். "இது எல்லைக்கு அந்தப் பக்கம், மார்த்தாண்டம். அந்தக் கையெழுத்தும் வெல்டிங்கும் எனக்குத் தெரியும். நான் ரெண்டு வருசம் அங்க வேலை செய்திருக்கேன்" என்றாள்.

டீச்சர் மெதுவாக, "போன் பண்ணிக் கேப்பியா மக்கா?" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் ஒர்க்‌ஷாப்காரரின் குரல். வண்டியின் நிறத்தையும் நம்பரையும் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அந்தச் சாறா? மறக்க முடியாதுல்லா! ராத்திரி மழையில ஒரு மாடு குறுக்க வந்து, வெட்டித் திருப்பி, பாலத்துக் கைப்பிடிச் சுவருல போய் இடிச்சிட்டாரு. தோள்பட்டை வீங்கிக் கிடக்கு, ஆசுபத்திரிக்குப் போவும்னா கேக்கல்ல. கலர் மாறக்கூடாது, வீட்டுல தெரியக்கூடாதுன்னு மூணு நாளு எங்கூடவே ஸ்டூல் போட்டு இருந்தாரு. இன்ஷூரன்ஸ் கேட்டா வீட்டுக்குத் தபால் வருமாம், அதுவும் வேண்டாம்னுட்டாரு. டீச்சருக்கு அப்ப ஆபரேசன் முடிஞ்ச சமயமாம், பயந்திருவாங்கன்னு சொன்னாரு. சாறு சொகமா இருக்காரா?"

இவள் என்னைப் பார்த்தாள். டீச்சரே குனிந்து போனிடம் சொன்னார்: "சொகமாத்தான் போனாரு. நான் அவருக்க வீட்டுக்காரியாக்கும். நல்லா வேல செய்திருக்கீங்க. இத்தனை வருசமா எனக்குத் தெரியல்ல."

போனை வைத்த பிறகு டீச்சர் வண்டியின் முன் சீட்டில், கதவைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்தார். ஏ.சி. கெட்டுவிட்டது, எறணாகுளத்திலிருந்து சாமான் வர வேண்டும் என்று சொல்லிக் கணவர் பஸ்ஸில் அலைந்த நாட்களைச் சொன்னார். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி அவர் தோளுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னதையும், தான் தேய்த்ததையும் சொன்னார். "அதுக்குப் பெறவு நாப்பதுக்கு மேல அவரு ஓட்டினதே இல்ல. காளவண்டி இதவிட வேகமா போவும்னு எத்தனை மட்டம் சண்டை பிடிச்சிருக்கேன் தெரியுமா? ஒரு வார்த்தை எதுத்துப் பேசல்ல." சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்து வழிந்தது. முப்பத்தெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவரைப் பற்றி, அவர் போன பிறகு, ஒரு காரின் தகரத்திலிருந்து புதிதாக ஒன்று தெரியவருமா? தெரியவந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கப்பை ஆறிப்போயிருந்தது. அதைச் சாப்பிட்ட பிறகு வண்டியை ஓட்டிப் பார்த்தோம். நேரான ரோட்டில் இவள் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையைக் கொஞ்சம் தளர்த்தினாள். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. முழுக்க ஒடித்துத் திருப்பும்போது சத்தமில்லை. டயர்கள் நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. திரும்பி வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அடி வெளித் தகரத்தோட நின்னுட்டு. உள்ள இருக்க அடிச்சட்டம் நேராத்தான் இருக்கு. தெரிஞ்சுகிட்டு எடுக்கலாம் அக்கா. தெரியாம எடுக்கதுதான் தப்பு."

டீச்சரிடம் ஒன்றுதான் கேட்டேன். "இப்ப விக்கணும்னு தோணுதா? வேண்டாம்னா எனக்கு வருத்தமில்ல."

"ரெண்டு நாளு தா" என்றார். இரண்டாம் நாள் மாலை அவரே கூப்பிட்டு, எடுத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் தெரிந்த ஒருத்தி எடுப்பதுதான் தனக்கு நிம்மதி என்றார்.

பெயர் மாற்றும் காகிதங்களில் கையெழுத்தான அன்று, வண்டியை எடுக்க நாங்கள் இருவரும் போனோம். டீச்சர் முண்டும் நேரியதும் உடுத்துத் தயாராக நின்றார். அந்தப் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஒர்க்‌ஷாப்காரரிடம் இடம் கேட்டு வைத்திருந்தாராம்.

நான் ஓட்டினேன். எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம். ஒரு வாய்க்காலின் மேல் சின்னப் பாலம். பகலில் பார்த்தால் அதில் பயப்பட ஒன்றுமில்லை. டீச்சர் இறங்கி, கைப்பிடிச் சுவரில் வேறு நிறச் சிமெண்ட் பூசியிருந்த இடத்தைக் கண்டுபிடித்து, பக்கத்தில் நின்று கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். நாங்கள் வண்டியிலேயே இருந்தோம்.

ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி எங்களைக் கடந்து போனது. டீச்சர் திரும்பி வந்து ஏறினார்.

"பத்தடி ஆழம் உண்டு" என்றார். "அங்க ஒரு சாயாக்கடை இருக்கு. எனக்கு மதுரம் இல்லாம ஒரு சாயா வேணும்."