அம்மா சொன்ன டில்லி கேஸ்

எங்கள் ஊரில் இந்தி தெரிந்த ஒரே ஆள் என் அம்மா. உத்திரமேரூரைச் சுற்றிப் பத்து மைலுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்; யாரும் மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு காஞ்சிபுரத்தில் பக்கத்து வீட்டு டீச்சரிடம் படித்து மூன்று பரீட்சை எழுதியிருந்தாள். சான்றிதழ்கள் டிரங்குப் பெட்டிக்குள் கூரைப்புடவைக்கு அடியில் கிடந்தன. அந்த இந்தியை வைத்துக்கொண்டு எருமைக்குத் தண்ணீர்கூடக் காட்ட முடியாது என்று என் அப்பா, நைனா, கேலி செய்வார்.

பஞ்சாயத்து ஆபீஸுக்கு டிவி வந்ததும் அம்மாவின் மவுசு ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு இந்தித் தொடர் போடுவார்கள். டில்லியில் ஒரு தனி போலீஸ் பிரிவு. துப்புத் துலங்காமல் வருஷக்கணக்கில் மூட்டை கட்டிப் போட்ட கேஸ்களைத் தூசு தட்டி எடுத்து மறுபடி விசாரிப்பதுதான் அவர்களுக்கு வேலை. ஒரு கேஸுக்கு இரண்டு ஞாயிறு. டிவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர்கள் பேசப் பேச அம்மா தமிழில் சொல்லுவாள். அந்த ஸ்டூலைத் தூக்கிவந்து போடுகிறவர், ஒரு காலத்தில் அதே ஆபீஸ் சுவரில் இந்தி வேண்டாம் என்று தாரால் எழுதியவர். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத அம்மா அங்கே இன்ஸ்பெக்டராகவும் பேசினாள், கொலைகாரனாகவும் பேசினாள். எனக்குப் பெருமை தாங்காது.

அந்த மார்கழியில் எனக்கு ஒரு துக்கமும் இருந்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற சிநேகிதி ஊரைவிட்டுப் போகப் போகிறாள். அவள் அப்பா முன்பு கம்புகட்டி. ஏரி மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், கதிர் பால் பிடிக்கிற சமயத்தில், ஒரு ராத்திரி மதகு திறந்தே கிடந்து ஏரி வடிந்துவிட்டது. கடைமடைப் பயிரெல்லாம் காய்ந்தது. குடித்துவிட்டுத் தூங்கிப்போனார் என்று ஊர் சொன்னது. சாராயத்தைத் தொட்டதே இல்லை என்று அவர் சொன்னது எடுபடவில்லை. வேலை போயிற்று. கூலிக்குக்கூட அவரை நம்பிக் கூப்பிடுவதில்லை. தை பிறந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போவதாக முடிவு செய்திருந்தார்.

அப்போதுதான் தொடரில் புதுக் கேஸ் ஆரம்பித்தது. ஒரு பெரிய பங்களா. கையில் விலங்கோடு ஒரு வேலைக்காரர். இன்ஸ்பெக்டர் ஒரு பழைய அட்டைப் பெட்டியிலிருந்து கறை படிந்த சட்டையை எடுத்தார்.

"ரத்தமாம்மா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"சேறு. ஏரிச் சேறு," என்றாள் அம்மா.

"டில்லில ஏரி கீதா?"

"எல்லா ஊர்லயும் கீது."

கறுப்பு வெள்ளை டிவியில் ரத்தத்தையும் சேற்றையும் யார் பிரித்துப் பார்ப்பது? ஊர் நம்பிவிட்டது. அம்மா நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். பங்களாக்காரர் தன் முறை வருவதற்கு முன்பே ராத்திரியில் போய் மதகைத் திறந்தாராம். இருட்டில் திரும்ப அடைக்க முடியாமல் வந்து படுத்துவிட்டாராம். பழி, விலங்கோடு நின்ற மதகுக்காரர் மேல் விழுந்ததாம். திரையில் ஒரு அம்மாள் ஜன்னலோரம் நின்று அழுதாள்.

"சேத்துச் சட்டைய தொவச்சவ இவதான். ஆறு வருஷமா தெரிஞ்சிக்கினே சொல்லாம கீறா," என்றாள் அம்மா.

"அப்புறம் இன்னா ஆச்சி?"

"அந்த ஆளே வந்து ஒத்துக்கறானா, இல்ல இவ சொல்லிடறாளான்னு அடுத்த வாரம்தான் தெரியும்."

பின்வரிசையில் சிநேகிதியின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லி யாரும் அதட்டவில்லை.

அந்த வாரம் முழுக்க நைனாவுக்குச் சோறு இறங்கவில்லை. கிணற்றடியில் அம்மா துணி துவைக்கும்போது வந்து நின்றார், திரும்பிப் போனார். மறுநாளும் வந்து நின்றார். அம்மா நிமிரவே இல்லை. "அந்த ஆளு ஒத்துப்பானா நைனா?" என்று நான் கேட்டதற்கு, "போய்ப் படி," என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஊர்க்காரர்களைக் கூட்டினார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு மதகத் தொறந்தது நான்தான். கம்புகட்டி மேல ஒரு தப்பும் இல்ல. இத்தினி வருசமா வாய மூடிக்கினு இருந்துட்டேன்."

கடைமடைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நைனா தலைகுனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பெரியவர்கள் மதகுக் கம்பை எடுத்துவந்து சிநேகிதியின் அப்பாவிடம் நீட்டினார்கள். அவர் கையை நீட்டவில்லை.

"கம்பு கெடக்கட்டும். குடிகாரன்னு சொன்னீங்களே, அது இல்லன்னு சொல்லுங்க முதல்ல."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நைனாதான் முதலில் சொன்னார். அதன் பிறகே அவர் கம்பை வாங்கினார். சூளைப் பயணம் நின்றது. சிநேகிதி என் பக்கத்திலேயே உட்காரப் போகிறாள் என்ற சந்தோஷத்தில், நைனா செய்த தப்பு என் மண்டையில் ஏறவே இல்லை. ஊரே பார்க்க உண்மையைச் சொன்னவர் என் நைனா என்றுதான் இருந்தது.

மறுநாள் டிவியில் பங்களாக்காரர் கார் ஏறித் தப்பி ஓடினார். பின்னால் போலீஸ் ஜீப் துரத்தியது.

"அவரே வந்து ஒத்துக்கினாரு," என்றாள் அம்மா.

"அப்ப இன்னாத்துக்கு ஓடறாரு?"

"ஒத்துக்கத்தான் ஓடறாரு. ஸ்டேஷனுக்கு நேரமாச்சில்ல."

நைனா ஒரு ஓரத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ தலைகால் புரியவில்லை. டில்லிக்காரர்கள் என் நைனாவைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டார்கள் என்று திங்கட்கிழமை வகுப்பு முழுக்கச் சொன்னேன்.

வேலை கிடைத்து வடக்கே போய், நானும் இந்தி கற்றுக்கொண்ட பிறகுதான் அந்தத் தொடரில் ஏரியே வந்திருக்காது என்று உறைத்தது. அடுத்த லீவில் அம்மாவிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கட்டியவர் பெயரை வாய்விட்டுச் சொல்லாத தலைமுறை அவளுடையது. ரேஷன் கடையில் கார்டு யார் பேரில் என்று கேட்டால்கூட என்னை முன்னால் தள்ளிச் சொல்லவைப்பாள்.

"சனிக்கெழம நைனா ஒத்துக்காம இருந்திருந்தா, ஞாயித்துக்கெழம நீ இன்னா சொல்லியிருப்ப?"

"பேரச் சொல்லியிருப்பேன்," என்றாள் அம்மா.